எக்ஸ் சமன் எக்ஸ் சக ஒன்று

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் ஒழுங்கு செய்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்துச் செயலாளர் என்னை அழைத்தபோது, "நீரிழிவைப் பற்றிப் பேசுங்கள் டொக்டர், எல்லாருக்கும் பிரயோசனமாக இருக்கும்" என்றார். இந்த மண்டபத்தில் இருக்கிற அக்காமாரில் பாதிப் பேருக்கு நீரிழிவைப் பற்றி என்னைவிட அதிகம் தெரியும். தேநீர் நேரத்தில் கைப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுக்கப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். அதை அப்போது பார்த்துக்கொள்வோம். இன்றைக்குக் கணினி மொழிகளைப் பற்றிப் பேசுகிறேன் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, எங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லுங்கள்" என்றார். முயற்சி செய்கிறேன்.

நான் மஹய்யாவயில் வளர்ந்தவள். மாத்தளை ரயில் போகும் சத்தத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் நேரம் பார்ப்பார்கள். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நம் பாடசாலைக்கு ஒரு கணினி வந்தது. ஒன்றே ஒன்று. அதற்கு ஒரு தனி அறை, பூப்போட்ட துணியில் ஓர் உறை, வெளியே சப்பாத்தைக் கழற்றி வைக்க ஒரு தட்டு. ஆண்டு பத்தில் எங்களில் எட்டுப் பேரைத் தெரிந்தெடுத்துப் பேசிக் மொழி சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றாவது வகுப்பில் கரும்பலகையில் ஒரு வரி எழுதப்பட்டது: எக்ஸ் = எக்ஸ் + 1.

அப்போது வராந்தாவால் போய்க்கொண்டிருந்த எங்கள் கணித ஆசிரியை நின்றார். உள்ளே வந்தார். சப்பாத்தைக் கழற்றவில்லை. "யார் இதை எழுதினது? இது எப்படிச் சமனாகும்? இரண்டு பக்கத்தாலும் எக்ஸை எடுத்தால் பூச்சியம் சமன் ஒன்று என்று வரும். பிள்ளைகளுக்குப் பொய்யைப் படிப்பிக்க வேண்டாம்" என்றார். நாங்கள் எட்டுப் பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தோம். டீச்சருக்குக் கணினி தெரியாது என்பதுதான் எங்கள் முடிவு. அந்த முடிவு எவ்வளவு பிழை என்று தெரியவர எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் பிடித்தது. ஒரு குழந்தையின் நிறையை வைத்துத்தான் தெரியவந்தது.

அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் புதிதாக வைத்தியராகி, ஓர் இடத்தில் குழந்தைகள் கிளினிக் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த காலம். கணினி தெரிந்தவள் என்ற பெருமை வேறு. எக்செல்லில் ஓர் அட்டவணை செய்தேன். ஒரு குழந்தைக்கு ஒரு வரிசை: பெயர், பிறந்த திகதி, நிறை, கடைசியாக வந்த நாள். மாதா மாதம் குழந்தையை நிறுத்துப் புதிய நிறையைப் பதிந்ததும், வயதுக்குரிய கீழ்க்கோட்டுக்குக் குறைவாக இருந்தால் பெட்டி சிவப்பாகும். எல்லோரும் மெச்சினார்கள்.

ஒரு பெண் குழந்தை. ஒன்பதாம் மாதம் 7.4 கிலோ. பத்தாம் மாதமும் 7.4. பதினோராம் மாதம் 7.2. என் திரையில் தெரிந்தது 7.2 மட்டும். அந்த வயதுக்கு அது கீழ்க்கோட்டுக்கு மேலேதான் இருந்தது, பெட்டி சிவக்கவில்லை. நான் அடுத்த குழந்தையைக் கூப்பிட்டேன். எங்கள் குடும்பநல உத்தியோகத்தர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த ஓர் அம்மா, தாய் கையிலிருந்த குழந்தைச் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை விரித்து என் மேசையில் வைத்தார். பேனாவால் குத்திய புள்ளிகள். ஏறி வந்த கோடு தட்டையாகி, கடைசியில் கீழே சாய்ந்திருந்தது. "டொக்டர், இந்தக் கோட்டைப் பாருங்கோ" என்றார். சிறுநீர்த் தொற்று. நேரத்தோடு கண்டுபிடித்ததால் குழந்தை தேறிவிட்டது. கண்டுபிடித்தது பதிவேடு, என் கணினி அல்ல.

நான் செய்த பிழை என்ன? ஒவ்வொரு மாதமும் பழைய நிறையை அழித்துவிட்டு அதே பெட்டியில் புதிய நிறையை எழுதினேன். எக்ஸ் சமன் எக்ஸ் சக ஒன்று என்ற வரியும் அதைத்தான் செய்கிறது. எக்ஸ் என்ற பெட்டிக்குள் இருப்பதை எடு, ஒன்றைக் கூட்டு, பழையதை எறிந்துவிட்டு அதே பெட்டியில் போடு. அது சமன்பாடு அல்ல, ஒரு கட்டளை. டீச்சர் அதைச் சமன்பாடாக வாசித்தார். வாசித்தபடி அது பொய்தான்.

கணினி மொழிகளைச் செய்தவர்களுக்கும் இந்த உறுத்தல் இருந்தது. சாதாரண தரத்தில் பஸ்கால் படித்த தங்கைமாருக்கு நினைவிருக்கும், அதில் வெறும் சமன் குறி போட்டால் பிழை காட்டும். முக்காற்புள்ளி போட்டு அதன் பக்கத்தில் சமன் போட வேண்டும். "இது சமன் அல்ல, உள்ளே போடுவது" என்று காட்டத்தான் அந்த இரண்டு புள்ளி. அல்கோல் என்ற மூத்த மொழியிலிருந்து நிக்லாஸ் விர்த் அதை எடுத்து, 1970இல் வெளியிட்ட பஸ்காலில் வைத்தார். பேசிக் 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில், கணினித் துறையைச் சேராத மாணவர்களுக்காக உருவாக்கப்பட்டது. அதில் ஆரம்பத்தில் அந்த வரிக்கு முன்னால் "ஆகுக" என்ற பொருளில் லெட் என்று ஒரு சொல் வரும். பிறகு சோம்பேறித்தனத்தில் அது உதிர்ந்தது. எங்கள் கரும்பலகையிலும் அது இருக்கவில்லை. இருந்திருந்தால் டீச்சர் வராந்தாவோடு போயிருப்பார்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஆங்கிலத்தில் பரடைம் என்று ஒரு சொல் இருக்கிறது. விஞ்ஞான வரலாற்றாசிரியர் தோமஸ் கூன் 1962இல் எழுதிய நூலால் பிரபலமான சொல். கணினி அறிஞர் ரொபர்ட் ஃபுளொய்ட், டூரிங் விருது பெற்று 1978இல் ஆற்றிய உரையின் தலைப்பிலேயே அதை நிரலாக்கத்தோடு சேர்த்தார். அந்தச் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பல பேர் பல விதமாகச் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்தது நம் இலக்கண வகுப்பில் இருந்தது: வாய்பாடு. கணக்கு வாய்பாட்டைச் சொல்லவில்லை. "செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம்" என்று படித்தோமே, அந்த வாய்பாடு. வந்து, நின்று, உண்டு எல்லாம் வேறு வேறு சொற்கள், அச்சு ஒன்று. ஐரோப்பிய இலக்கணத்திலும் பரடைம் என்றால் முதலில் இதே அர்த்தந்தான். கணினி மொழிகள் நூற்றுக்கணக்கில் இருக்கலாம். அவற்றின் அடியில் உள்ள வாய்பாடுகள் சில மட்டுமே.

முதலாவது, இதுவரை பார்த்த கட்டளை வாய்பாடு. இதைச் செய், பிறகு அதைச் செய், பெட்டியை மாற்று, திரும்பச் செய். இயந்திரம் அப்படித்தான் இயங்குகிறது. ஆகவே பழைய மொழிகள் பெரும்பாலும் இதில்தான் பிறந்தன. விடுதியில் நாங்கள் எழுதுகிற மருந்துக் கட்டளைகளும் இந்த வகைதான். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இதைக் கொடு, காய்ச்சல் 38.5ஐத் தாண்டினால் அதைக் கொடு. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை, ஒழுங்கு மாறாத வரைக்கும்.

இரண்டாவது வாய்பாட்டைத்தான் எங்கள் கணித ஆசிரியை தெரியாமலே கேட்டுக்கொண்டு நின்றார். அதில் எக்ஸ் என்றால் எக்ஸ்தான், ஒருமுறை 7.4 என்றால் எப்போதும் 7.4. பழைய பெறுமானத்தை மாற்ற முடியாது; அதிலிருந்து புதிய பெறுமானம் ஒன்றைக் கணிக்கலாம். கணிதத்தில் சார்பு என்று படித்தோமே, அதைக் கொண்டே முழு நிரலையும் கட்டுவது. 1958இல் ஜோன் மக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் இந்தக் குடும்பத்தின் பாட்டி. பேத்தி ஹாஸ்கெல் 1990இல் வந்தது; அதில் நான் செய்த மாதிரி நிறையை அழித்து எழுத முயன்றால் மொழியே சாதாரணமாக விடாது. எனக்குப் பிடித்த ஆள் ஜோன் பக்கஸ். ஐபிஎம்மில் 1957இல் போட்ரான் மொழியைக் கொண்டுவந்த குழுவின் தலைவர். பெட்டியில் போட்டு எழுதும் பழக்கத்தை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முதன்மையானவர். 1977இல் அவருக்கு டூரிங் விருது கொடுத்தார்கள். மேடையில் ஏறி, அந்தப் பழக்கத்திலிருந்து நிரலாக்கத்துக்கு விடுதலை கிடைக்காதா என்று கேட்டார். பாராட்டு விழாவில் தன் பிள்ளையின் குறையைத் தானே எடுத்துச் சொல்ல எவ்வளவு மனம் வேண்டும்!

வைத்தியத் தொழிலில் இந்த ஒழுக்கம் எங்களுக்குப் புதிதல்ல. நோயாளியின் பெட் ஹெட் டிக்கட்டில் எழுதியதை யாரும் அழிப்பதில்லை. பிழையானால் ஒற்றைக் கோடு போட்டு, ஒப்பம் வைத்து, கீழே புதிதாக எழுத வேண்டும். வெட்டியதும் வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். உள்ளகப் பயிற்சியின் முதல் வாரத்திலேயே இதற்காக ஏச்சு வாங்கியிருக்கிறேன். அப்படியிருந்தும் கணினிக்கு முன்னால் இருந்ததும் அழிறப்பரைக் கையில் எடுத்துக்கொண்டேன். பேசிக் என் விரலுக்கு அதைப் பழக்கியிருந்தது. மொழி தன் வாய்பாட்டை நம் கைக்குள் சத்தமில்லாமல் வைத்துவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாவதை விளக்க ஒரு மிஸ்ஸியை அழைக்கிறேன். விடுதியில் ஆபத்தான மருந்துகள் பூட்டிய அலுமாரியில் இருக்கும். திறப்பு பொறுப்புத் தாதியிடம். நான் எவ்வளவு பெரிய டொக்டராக இருந்தாலும் நேரே போய் அலுமாரியைத் திறக்க முடியாது. எழுதிக் கேட்க வேண்டும். அவர் எடுத்துத் தருவார், புத்தகத்தில் பதிவார், மிச்சத்தை எண்ணுவார். உள்ளே எந்தத் தட்டில் எது இருக்கிறது என்பது அவர் பாடு. பொருள்நோக்கு நிரலாக்கம் என்று சொல்கிறார்களே, அதன் சாரம் இதுதான்: ஒவ்வொரு பொருளும் தன் தகவலைத் தானே பூட்டி வைத்திருக்கும், மற்றப் பொருட்கள் அதற்குச் செய்தி மட்டும் அனுப்பலாம். இதற்குப் பெயர் வைத்த அலன் கே, பல்கலைக்கழகத்தில் கணிதத்தோடு மூலக்கூற்று உயிரியலும் படித்தவர். உடலின் கலங்கள் ஒன்றோடொன்று செய்தி அனுப்பி வாழ்கிற மாதிரித்தான் இதைக் கற்பனை செய்ததாகச் சொல்லியிருக்கிறார். உயிரியல் பிரிவுத் தங்கைமார் கணினி நமக்கில்லை என்று ஒதுங்கும்போது நான் இவரைச் சொல்வதுண்டு. அவருக்கும் முன்னால், அறுபதுகளில், நோர்வேயின் ஒஸ்லோவில் ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர் சிமுலா என்ற மொழியில் இதற்கு அத்திவாரம் போட்டிருந்தார்கள். ஒஸ்லோவை நினைவில் வைத்திருங்கள், திரும்பி வருவேன்.

நான்காவது சுலபம். கட்டுகஸ்தோட்டை வீதிக் கடையில் கொத்து ரொட்டி சொல்கிறோம்: இரண்டு கொத்து, ஒன்று முட்டை இல்லாமல், உறைப்புக் குறைவாக. தகட்டை எப்படித் தட்டுவது என்று நாம் சொல்வதில்லை. சொன்னால் அடிக்க வருவார்கள். எது வேண்டும் என்பது நம் வேலை, எப்படி என்பது அவர் வேலை. தரவுத்தளங்களோடு பேசுகிற எஸ்கியூஎல் இந்த வாய்பாடு. எட்கர் கொட் 1970இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது. நம் நாட்டில் குழந்தைக்கு ஒன்பதாம் மாதம் எம்எம்ஆர், ஒரு வயது முடிந்ததும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி. "முதலாவது போட்டு, இரண்டாவது போடாத, ஒரு வயது தாண்டிய பிள்ளைகள் யார்?" என்று கேட்டால் போதும், எந்தப் பதிவை முதலில் புரட்டுவது என்று நான் சொல்லத் தேவையில்லை. இதற்குப் பக்கத்து வீடு தர்க்க நிரலாக்கம். விதிகளை மட்டும் எழுதுவது. எந்த விதியை எப்போது எடுப்பது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அதற்கென்றே 1972இல் பிரான்சின் மார்செய்யில் புரோலொக் பிறந்தது. எழுபதுகளில் ஸ்டான்ஃபர்டில் எட்வர்ட் ஷோர்ட்லிஃப் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தில் கிருமித் தொற்றுக்கு எந்த மருந்து கொடுப்பது என்பதை நூற்றுக்கணக்கான விதிகளாக எழுதி, மைசின் என்ற முறைமையை லிஸ்பில் செய்தார். விதி வாய்பாடு, சார்பு மொழியில். ஒரு மொழிக்கு ஒரு வாய்பாடுதான் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

போன மாதம் நம் நூலகத்தில் உயர்தரப் பிள்ளை ஒருத்தி தன் கொப்பியைக் காட்டினாள். வாய்பாடுகள் அட்டவணையாக இருந்தன, நிரல்கள் நான்கு, வரிகள் ஐந்து. மனப்பாடம். "டொக்டர் மிஸ், இதில் எது நல்லது என்று வினா வந்தால் எதை எழுதுவது?" என்றாள். நான் பதிலாக, அவள் பாடத்தில் படிக்கிற பைதனில் ஒரே கணக்கை மூன்று விதமாக எழுதச் சொன்னேன்: ஒரு குழந்தையின் ஐந்து நிறைகளில், முந்தைய மாதத்தைவிடக் குறைந்தவை எத்தனை? முதலில் எண்ணிக்கைப் பெட்டியைக் கூட்டிக் கூட்டி எழுதினாள். இரண்டாவது, பெட்டியே இல்லாமல், பக்கத்துப் பக்கத்து நிறைகளைச் சோடி சேர்த்து, குறைந்த சோடிகளை மட்டும் எடுத்து எண்ணினாள். மூன்றாவது, குழந்தை என்ற வகுப்பைச் செய்து, குழந்தையிடமே கேட்டாள். பைதன் மூன்றையும் பொறுத்துக்கொண்டது. அது அப்படியொரு இளகின மனசுக்காரி. இரண்டாவதை முடித்ததும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதில் பழைய நிறையெல்லாம் அப்படியே இருக்கு" என்றாள். அட்டவணையில் அந்த வரி இருக்கவில்லை.

நம்மில் பலருக்கு ஒரு மனக்குறை உண்டு: இதெல்லாம் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குத்தானே என்று. அதற்காக எழில் என்ற மொழியைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் இருக்கிற முத்து அண்ணாமலை என்ற பொறியியலாளர் உருவாக்கியது, இலவசமாகக் கிடைக்கிறது. கட்டளைச் சொற்கள் தமிழில். என் கிளினிக் விதியை அதில் இப்படி எழுதலாம்:

@( நிறை < 7 ) ஆனால்
பதிப்பி "மீண்டும் பார்க்க"
முடி

ஆங்கில வழி மொழிகளில் "இஃப்" முதலில் வந்து நிற்கும், நிபந்தனை பின்னால் வரும். எழிலில் நிபந்தனை முதலில், "ஆனால்" பின்னால், நாம் பேசுகிற மாதிரியே. இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். எழிலின் சொல் தமிழ், வாக்கிய ஒழுங்கும் ஓரளவு தமிழ், வாய்பாடு மட்டும் பேசிக்கும் பஸ்காலும் வைத்திருக்கிற அதே கட்டளை வாய்பாடு. எக்ஸ் சமன் எக்ஸ் சக ஒன்று என்று அதிலும் எழுதலாம். டீச்சர் தமிழிலேயே கோபித்திருப்பார். ஆங்கிலச் சொற்கள் இரண்டு கிழமையில் பழகிவிடும் தங்கைமாரே. சிரமம் வாய்பாட்டை மாற்றுவதில்தான், அந்தச் சிரமம் லண்டன் பிள்ளைக்கும் மஹய்யாவப் பிள்ளைக்கும் ஒன்றுதான்.

இப்போது ஒஸ்லோ. பொருள்நோக்கு மொழியைச் செய்த நிகார்ட், ஒரு முறைமையைப் பாவிக்கப் போகிற தொழிலாளர்களும் அதன் வடிவமைப்பில் இருக்க வேண்டும் என்று போராடியவர். அந்த மரபில் வந்த ஒஸ்லோ பல்கலைக்கழகத்தார் டிஎச்ஐஎஸ் 2 என்ற சுகாதாரத் தகவல் மென்பொருளைப் பராமரிக்கிறார்கள். திறந்த மூலம், எந்த நாடும் காசில்லாமல் எடுக்கலாம். நம் நாட்டில் அதற்கு முன்பே பழக்கம் இருந்தது. 2020 ஜனவரி 27இல் இலங்கையின் முதல் கொவிட் நோயாளி, சீனாவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாப் பயணி, உறுதிப்படுத்தப்பட்டார். அந்த நாட்களிலேயே நம்மவர்கள், சுகாதார அமைச்சோடு சேர்ந்து வேலை செய்த வைத்தியர்களும் நிரலாளர்களும், வருகிற பயணிகளைப் பதிந்து பின்தொடர இதே மென்பொருளில் ஒரு முறைமை செய்துவிட்டார்கள். பிறகு வேறு பல நாடுகள் அதைப் பார்த்துத் தங்களுடையதைச் செய்தன. பொருளாதாரம் எப்படி இருந்தாலும் இதைச் சொல்லும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்து நிற்பேன்.

அவ்வளவு வேகமாகச் செய்ய முடிந்ததற்கு ஒரு காரணம் வாய்பாடுகள் அதற்குள் பிரிந்து இருப்பது. அடித்தளம் ஜாவாவில், பொருள்நோக்கு. அதை நாம் தொடுவதில்லை, மிஸ்ஸியின் அலுமாரி. மேலே வைத்தியர் எழுதுவது விதிகள்: இந்த நிபந்தனை உண்மையானால் இந்த எச்சரிக்கையைக் காட்டு. அவற்றை எழுத ஜாவா தெரியத் தேவையில்லை. ஒருவரைத் தொடர்ந்து கவனிக்கும்போது, ஒவ்வொரு வருகையும் தனி நிகழ்வாக, அதற்குரிய திகதியோடு பதியலாம். புதியது வந்ததும் பழையது போகாது. இதை முதன்முதலில் பயிற்சி வகுப்பில் பார்த்தபோது எனக்கு அந்த 7.4, 7.4, 7.2 நினைவுக்கு வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் ஏன் பேசாமல் இருக்கிறேன் என்று கேட்டார்கள். தலையிடி என்றேன்.

போன கிழமை எங்கள் கணித ஆசிரியையோடு தொலைபேசியில் பேசினேன். எண்பதைத் தாண்டிவிட்டார், முழங்கால் வருத்தத்தால் இன்று வர முடியவில்லை. அன்றைய கரும்பலகை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நன்றாக நினைவிருந்தது, சிரித்த எட்டுப் பேரின் பெயர் உட்பட. "டீச்சர், அதே வரியைப் பற்றி அமெரிக்காவில் ஒருத்தர் பெரிய மேடையில் ஏறி நீங்கள் சொன்ன மாதிரித்தான் சொல்லியிருக்கிறார். 77இலேயே" என்றேன்.

"அப்போ திருத்திட்டாங்களா மகள்?"

"பாதி திருத்தியிருக்கிறார்கள் டீச்சர்."

"ம்" என்றார். பிறகு முழங்காலுக்குச் சாப்பாட்டுக்கு முந்திப் போடுகிற குளிசையா பிந்திப் போடுகிறதா என்று கேட்டார்.